சொந்த ஊரைப் பார்க்க ஓர் ஆண்டு பாஸ்: பன்னிரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிந்தைய மதிப்பீடு

நான் வசிக்கும் நகரத்தின் அருங்காட்சியகம், தாவரவியல் பூங்கா, கோளரங்கம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே அட்டையாக வழங்கப்படும் ஆண்டு பாஸை வாங்கி, பன்னிரண்டு மாதங்களும் பயன்படுத்தி முடித்து, கடந்த வாரம் அதைப் புதுப்பித்தேன். இத்தகைய பாஸ்கள் இப்போது உலகின் பல நகரங்களில் கிடைக்கின்றன. பெயரும் விதிகளும் இடத்துக்கு இடம் மாறினாலும் ஏற்பாடு ஒன்றுதான்: ஆண்டுக்கு ஒரு முறை பணம் கட்டிவிட்டால், அதன்பின் வாசலில் சீட்டு வாங்க வேண்டியதில்லை. எத்தனை முறை போனால் போட்ட பணம் திரும்பும் என்பதுதான் வாங்குவோர் முதலில் போடும் கணக்கு. நானும் அதைத்தான் போட்டேன். ஆனால் அந்தக் கணக்கு பாஸின் பயனில் சிறு பகுதியைத்தான் காட்டுகிறது. உள்ளூரில் இருப்பவருக்கு இந்த அட்டை தரும் பெரிய வசதி, கொஞ்சமாகப் பார்த்துவிட்டு மனக்குறையில்லாமல் வீடு திரும்பலாம் என்பதே.

இந்த நகரத்துக்குக் குடிவந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பாஸ் வாங்குவதற்கு முன் அருங்காட்சியகத்துக்குள் நான் காலடி வைத்தது மூன்றே முறை. மூன்று முறையும் வெளியூரிலிருந்து வந்த உறவினரை அழைத்துக்கொண்டு போனேன். கோளரங்கத்தின் குவிமாடம் அலுவலகம் போகும் வழியில் தினமும் கண்ணில் படும். 'இங்கேதானே இருக்கிறது, ஒரு நாள் போகலாம்' என்று நினைத்து நினைத்தே ஆண்டுகள் ஓடிவிட்டன. சூசேன் ஷூ, அயெலெட் க்னீசி என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது, இது ஊருக்கு ஊர் உள்ள பழக்கம் என்று தெரிந்துகொண்டேன். சிக்காகோ, டல்லஸ், லண்டன் நகரங்களில் ஓராண்டு வாழ்ந்தவர்களைவிட, ஓரிரு வாரங்கள் மட்டும் தங்கிச் சென்ற பயணிகள் அங்குள்ள முக்கிய இடங்களில் அதிகமானவற்றைப் பார்த்திருந்தார்கள். ஊரை விட்டுக் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியபோதுதான் உள்ளூர்க்காரர்களும் அவசரமாகப் போய்ப் பார்த்தார்கள். வேலையை மட்டுமே நாம் தள்ளிப்போடுகிறோம் என்று நினைத்திருந்தேன். மகிழ்ச்சியையும் அதே கையால் தள்ளிப்போடுகிறோம்.

அப்படியானால் பாஸ் வாங்கியதும் இந்தத் தள்ளிப்போடல் தீர்ந்துவிடுமா என்றால், தீராது. வாங்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. மேற்சொன்ன ஆய்வின் இன்னொரு பகுதியில், கடைக்குரிய பரிசுச் சீட்டுகளைச் சிலருக்குக் குறுகிய கெடுவுடனும் சிலருக்கு நீண்ட கெடுவுடனும் கொடுத்தபோது, குறுகிய கெடு கிடைத்தவர்களே அதிகமாகப் பயன்படுத்தினார்கள். காலம் நிறைய இருக்கிறது என்று நம்பியவர்கள் சீட்டை வீணாக விட்டார்கள். ஆண்டு பாஸின் கெடு ஓராண்டு; அதாவது, தள்ளிப்போடுவதற்கு வேண்டிய அவகாசம் அதிலேயே அடங்கியிருக்கிறது. ஜான் கூர்வில், திலீப் சோமன் இருவரும் 1998இல் உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களை வைத்து இதே போன்ற ஒன்றைக் காட்டியிருந்தார்கள்: பணம் கட்டிய உடனே வருகை கூடுகிறது, பிறகு மாதத்துக்கு மாதம் தேய்கிறது, அடுத்த தவணை கட்டியதும் மறுபடி கூடுகிறது.

என் கணக்கும் அந்த வழியில்தான் சென்றது. முதல் மாதத்தில் ஏழு முறை போனேன். நான்காம் மாதத்தில் ஒரே ஒரு முறை. ஐந்தாம் மாதத்தில் அட்டை பணப்பையிலேயே கிடந்தது. ஆறாம் மாதத் தொடக்கத்தில், புதன்கிழமை மாலை அலுவலகம் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல் மூன்றில் ஏதாவது ஓரிடத்தில் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போவது என்று முடிவு செய்தேன். எங்கே போவது என்பதைக்கூட அன்றைக்கு யோசிக்காமல் முறை வைத்துக்கொண்டேன். அதன்பின் தவறவிட்ட புதன்கிழமைகள் நான்கு. பாஸ் வாங்குபவருக்கு நான் சொல்லக்கூடிய பயனுள்ள ஆலோசனை இதுதான்: அட்டை கைக்கு வந்த அன்றே கிழமையை முடிவு செய்துவிடுங்கள். விடுமுறை நாளாக அது இருக்க வேண்டாம். விடுமுறை நாளுக்கு எப்போதும் வேறொரு வேலை வந்து சேர்ந்துவிடும்.

அரை மணி நேரத்தில் என்ன பார்த்துவிட முடியும் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிய நாளில் அரை மணி நேரத்தில் வெளியே வர யாருக்கும் மனம் வராது. கொடுத்த காசுக்கு எல்லாக் கூடங்களையும் ஒரு சுற்றுச் சுற்றியாக வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போய், இரண்டு மணி நேரத்துக்குள் கால் கடுத்து, கண் களைத்து, கடைசிக் கூடத்தை நிழல் போலக் கடந்து வெளியேறுவோம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இலேயே இதற்கு 'அருங்காட்சியகக் களைப்பு' என்று பெயர் வைத்தார். காட்சிப் பேழைகளைப் பார்ப்பதற்காக ஒருவர் குனிந்தும் மடங்கியும் எட்டிப் பார்த்தும் படும் பாட்டைப் படம் பிடித்தே வெளியிட்டார். அவர் குறை கூறியது பார்வையாளரை அல்ல, பேழைகளை அமைத்த விதத்தை. நூற்றாண்டு கடந்த பின்னும் பல கூடங்களில் தரையோடு தரையாக வைக்கப்பட்ட அடித்தட்டுப் பொருள்கள் அப்படியேதான் இருக்கின்றன.

2001இல் ஜெஃப்ரி ஸ்மித்தும் லிசா ஸ்மித்தும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்தார்கள். சராசரி 27.2 நொடி, நடுமதிப்பு 17 நொடிதான். அதாவது பாதிப் பேர் 17 நொடிக்குள் நகர்ந்துவிடுகிறார்கள். தொலைதூரத்திலிருந்து வந்து ஒரே நாளில் பார்த்துவிட்டுப் போக வேண்டியவருக்கு வேறு வழியில்லை. நடந்து போகும் தூரத்தில் வாழ்பவருக்கு வழி இருக்கிறது, அந்த வழியைத் திறந்துவிடுவது இந்த அட்டை.

அருங்காட்சியகத்தின் இரண்டாம் கூடத்தில் வாயகன்ற பழைய மட்கலம் ஒன்று இருக்கிறது. உறவினர்களோடு போன மூன்று முறையும் அதைக் கடந்து போயிருப்பேன், நினைவில் தங்கவில்லை. பாஸ் வாங்கிய பின் ஒரு புதன்கிழமை, கூடத்தில் காவலரைத் தவிர யாரும் இல்லாத நேரத்தில், அதன் முன் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். கழுத்துக்குக் கீழே உட்புறச் சுவரில் விரல் தடங்கள் சுருள் சுருளாக மேலேறுகின்றன. சக்கரம் சுழலும்போது குயவரின் விரல்கள் ஈரக் களிமண்ணை மேலே இழுத்த தடங்கள் அவை. வெளிப்புறத்தை வழவழப்பாகத் தேய்த்தவர், யாரும் பார்க்கப்போவதில்லை என்று உட்புறத்தை அப்படியே விட்டிருக்கிறார். கைப்பிடி வந்து சேரும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்திய குழி ஒன்று இருக்கிறது. அந்தக் குழியின் விளிம்பில் பிறை வடிவில் நகக்குறி தெரிகிறது. அடுத்த வாரம் போனபோது என் கட்டைவிரலைக் கண்ணாடிக்கு வெளியே அந்தக் குழிக்கு நேராக வைத்துப் பார்த்தேன். அவருடைய விரல் என்னுடையதைவிடச் சிறியது. பேழையில் ஒட்டியிருக்கும் விளக்கச் சீட்டில் கலத்தின் உயரமும் விட்டமும் இருக்கின்றன. நகக்குறியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த அன்று நான் அருங்காட்சியகத்தில் இருந்தது இருபது நிமிடம். சீட்டு வாங்கிய நாளில் அந்த இருபது நிமிடத்தை ஒரு பானைக்குக் கொடுக்க எனக்குத் துணிவு வந்திருக்காது.

திரும்பத் திரும்பப் போவதற்கு அருங்காட்சியகம் தரப்பிலும் ஒரு காரணம் உண்டு. துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் போன்றவை ஒளியால் நிறம் மங்குபவை; ஒரு முறை மங்கிய நிறம் மீளாது, விழுந்த ஒளியின் அளவு சிறுகச் சிறுகக் கூடிக்கொண்டே போகும். அதனால் அத்தகைய பொருள்கள் உள்ள கூடங்களில் வெளிச்சத்தை ஏறக்குறைய 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்துவைப்பதும், காட்சியில் உள்ளவற்றைச் சில மாதங்களுக்கு ஒரு முறை இருட்டறைக்கு அனுப்பிவிட்டு வேறொன்றை வைப்பதும் வழக்கம். எங்கள் அருங்காட்சியகத்தின் துணிக் கூடத்தில் இந்த ஓராண்டில் மூன்று முறை காட்சி மாறியது. ஒரே நாளில் போய்வந்தவர் அந்தக் கூடத்தின் நான்கில் ஒரு பங்கைப் பார்த்திருப்பார். குறைந்த வெளிச்சத்துக்குக் கண் பழகவே சில நிமிடங்கள் ஆகும் என்பதால், இந்தக் கூடத்துக்கு அவசரமாகப் போவதில் பயனே இல்லை.

ஆனாலும் பாஸின் முழு மதிப்பையும் எனக்குக் காட்டியது தாவரவியல் பூங்காதான். அங்குள்ள பசுமைக் குடிலின் நடுவே ஒரு குளம் இருக்கிறது. அதில் அமேசான் பகுதியைச் சேர்ந்த ராட்சத அல்லியான விக்டோரியா அமேசோனிகாவை வளர்க்கிறார்கள். தாம்பாளம் போல விளிம்பு மடிந்து மிதக்கும் அதன் இலைகளைப் படத்தில் பார்க்காதவர் குறைவு. நன்கு வளர்ந்த இலையின் விட்டம் 3 மீட்டரை நெருங்கும். பகலில் வரும் கூட்டம் இலையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பூவோ மாலையில்தான் மலரும். பூக்கும் பருவத்தில் பாஸ் வைத்திருப்பவர்களுக்காக மட்டும் குறிப்பிட்ட நாள்களில் இருட்டிய பின்னும் குடிலைத் திறந்துவைக்கிறார்கள். அந்த ஒரு வசதிக்காகவே பாஸ் வாங்கலாம் என்று இப்போது சொல்லுவேன்.

முதல் மாலையில் நான் போனபோது மொட்டு நீருக்கு மேலே பாதி பிரிந்திருந்தது. வெளிச்சம் மங்க மங்க வெள்ளை இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வளைந்தன. கரையில் நின்றவர்களுக்கு அன்னாசிப்பழத்தை நினைவூட்டும் இனிய மணம் வந்தது. முதல் இரவில் இந்தப் பூ பெண் நிலையில் இருக்கும். மணத்தோடு வெப்பத்தையும் தானே உண்டாக்கி, இயற்கையில் வண்டுகளை உள்ளே இழுக்கும். விடியும் நேரத்தில் இதழ்கள் மூடிக்கொள்ளும், வண்டுகள் உள்ளே சிக்கிக்கொள்ளும். பகல் முழுவதும் மூடியிருக்கும் அந்த அறைக்குள் பூ ஆண் நிலைக்கு மாறி மகரந்தத்தை வெளிவிடும். இரண்டாம் மாலை மறுபடி மலரும்போது பூவின் நிறமே மாறியிருக்கும். மகரந்தம் அப்பிய வண்டுகள் வெளியேறி, அருகில் முதல் இரவில் இருக்கும் வேறொரு வெள்ளைப் பூவைத் தேடிப் போகும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் நேற்று வெண்மையாக இருந்த அதே பூவை இன்று இளஞ்சிவப்பாகப் பார்ப்பதற்கு, அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் அங்கே நிற்க வேண்டும். நின்றேன். பசுமைக் குடிலில் வண்டுகள் இல்லாததால், பணியாளர் ஒருவர் இடுப்பளவு நீரில் இறங்கி, தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தடவினார். இரண்டாம் மாலையில் மணம் இல்லை என்பதைக் கரையில் நின்ற நாங்கள் சற்று நேரம் கழித்தே உணர்ந்தோம்.

வெளியூர்ப் பயணிக்கு எவ்வளவு நல்ல வழிகாட்டி கிடைத்தாலும் இந்த இரண்டு மாலைகள் அமைவது அரிது. நீண்ட நாள் பழக்கம் கண்ணை மழுங்கடிக்கும் என்பார்கள். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று பழமொழியே உண்டு. எனக்கு நேர்ந்தது அதற்கு மாறானது. இதே ராட்சத அல்லி இனத்தில் மூன்றாவது வகை ஒன்று உண்டு என்பது 2022இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு விக்டோரியா பொலிவியானா என்று பெயரிட்டார்கள். அதன் மாதிரி லண்டன் கியூ பூங்காவின் உலர்தாவரச் சேகரிப்பில் 177 ஆண்டுகளாக வேறொரு வகையின் பெயரில் இருந்திருக்கிறது. கண்முன் இருப்பதைப் பார்த்து முடித்துவிட்டோம் என்று சொல்வதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதை அந்தச் செய்தியைப் படித்த பிறகு நான் அவசரப்பட்டு முடிவு செய்வதில்லை.

கோளரங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு, ஆனால் முக்கியமானது. மியூனிக்கின் டாய்ச் அருங்காட்சியகத்தில் 1923இல் சைஸ் நிறுவனத்தின் கருவி பார்வையாளர் முன் முதன்முதலாகக் குவிமாடத்தில் விண்மீன்களை வீழ்த்திக் காட்டியதிலிருந்து, உலகெங்கும் கோளரங்கங்களின் அடிப்படை மாறவில்லை. பிரம்மாண்டமான திரைப்படக் காட்சிகளை ஒரு முறை பார்த்தால் போதும். இரண்டாம் முறை அலுப்புத் தட்டும். மாதத்துக்கு ஒரு முறை நடக்கும் 'இந்த மாத வானம்' என்ற எளிய நிகழ்ச்சிதான் பாஸுக்கு ஏற்றது. ஒரு விண்மீன் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக உதிக்கிறது. மாதக் கணக்கில் அது 2 மணி நேரம். பள்ளியில் படித்த செய்திதான். ஒரே இருக்கையில் மாதந்தோறும் உட்கார்ந்து, ஒரே மாலை நேரத்துக்குரிய வானத்தைப் பார்த்தபோது, கிழக்கில் தலைகாட்டிய மிருகசீரிடக் கூட்டம் உச்சிக்கு வந்து மேற்கில் சாய்ந்து மறைவதை உடலாலேயே உணர்ந்தேன். வியாழன் நடையைத் தளர்த்தி, நின்று, சுமார் நான்கு மாதம் பின்னோக்கிப் போய், மறுபடி முன்னே நடப்பதையும் அடுத்தடுத்த நிகழ்ச்சிகளில் தொடர முடிந்தது. பூமி அதை முந்திச் செல்வதால் வரும் தோற்றம் அது. ஒரே நிகழ்ச்சியில் வேகமாக ஓட்டிக் காட்டினால் புரியும்; மாதக் கணக்கில் காத்திருந்து பார்த்தால் மறக்காது.

இனி குறைகள். எட்டாம் மாதத்தில், அருங்காட்சியகத்தில் தற்காலிகக் கண்காட்சி ஒன்று நடந்தது. வயதான என் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். சிறப்புக் கண்காட்சிக்குப் பாஸ் செல்லாது, தனிச் சீட்டு வாங்க வேண்டும் என்று வாசலில் சொன்னார்கள். விதிகளின் ஏழாம் பக்கத்தில் அது இருந்தது உண்மைதான். ஆனால் பாஸ் விற்பனைக்கான விளம்பரப் பலகையில் அந்தக் கண்காட்சியின் படமே போடப்பட்டிருந்தது. புகார்ப் பதிவேட்டில் எழுதினேன், மின்னஞ்சலும் அனுப்பினேன்; பலகையை மாற்றினார்கள், பதில் வரவில்லை. அம்மா கோபப்படவில்லை. "வந்ததுதான் வந்தோம், நீ சொன்ன அந்தப் பானையைக் காட்டு" என்றார். அவருக்குக் குந்தி உட்கார முடியாது. காவலர் தம்முடைய நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நிர்வாகத்தின் மேல் எனக்கு மனக்குறை இருந்தாலும், கூடங்களில் நிற்கும் பணியாளர்கள் மூன்று இடத்திலும் அன்பானவர்கள் என்பதைப் பதிவு செய்தாக வேண்டும்.

பாஸ் வைத்திருப்பவருக்குத் தனி வாசல் இல்லாததால், கூட்ட நாள்களில் சீட்டு வாங்குவோரின் வரிசையிலேயே நின்று அட்டையைக் காட்ட வேண்டியிருக்கிறது. கோளரங்க வாசலில் அட்டையைப் படிக்கும் வருடி என் அட்டையை மூன்று முறை ஏற்க மறுத்தது. எண்ணைக் கையால் எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். குடும்பப் பாஸில் பெற்றோர் இருவர், குழந்தைகள் என்று மட்டுமே வகுத்திருக்கிறார்கள். முதிய பெற்றோரையோ உடன்பிறந்தவரையோ சேர்க்க வழியில்லை. யார் யாருக்கு எவரோடு போக விருப்பம் என்பதை நிர்வாகம் முடிவு செய்வது சரியன்று. ஆண்டுக்குச் சில முறை உடன் ஒருவரை இலவசமாக அழைத்துவரலாம் என்ற விருந்தினர் வசதி உள்ள பாஸ்கள் பல நகரங்களில் இருக்கின்றன; அதைக் கேட்டு வாங்குங்கள். சிறப்புக் கண்காட்சி சேருமா, செல்லாத நாள்கள் எவை, மாலைத் திறப்பு உண்டா என்ற மூன்றையும் பணம் கட்டும் முன் எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

கூடங்கள் வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ வழியில் அமையாதவர்களுக்கு இந்தப் பாஸைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். ஒரு மணி நேரம் பயணம் செய்து வந்தால், அரை மணி நேரத்தில் திரும்ப மனம் வராது. மறுபடியும் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கும் ஓட்டம்தான் தொடங்கும். அவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை சீட்டு வாங்கி, நாள் முழுவதும் இருந்து பார்ப்பதே நல்லது. சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்கு இது மிகப் பொருத்தம். குழந்தை அழத் தொடங்கினால் காசு போயிற்றே என்ற வருத்தம் இல்லாமல் தூக்கிக்கொண்டு கிளம்பலாம்.

என் பழைய அட்டை ஆண்டின் நடுவில் தொடங்கியதால், அல்லி பூக்கும் பருவம் இரண்டாக வெட்டுப்பட்டு, பருவத்தின் கடைசி வாரங்கள் கெடுவுக்கு வெளியே போய்விட்டன. புதுப்பிக்கும்போது, தொடக்க நாளைத் தள்ளி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார்கள், முதலில் வாங்கியபோதே கேட்டிருக்கலாம். இரண்டாம் இரவுக்குப் பின் அந்தப் பூ மூடிக்கொண்டு நீருக்குள் அமிழ்ந்துவிடும் என்று குளத்தில் இறங்கிய பணியாளர் சொன்னார். அது நடக்கும் காலை நேரத்தில் குடில் திறந்திருப்பதில்லை. வரும் பருவத்தில் ஒரு நாளாவது அதிகாலையில் திறக்க முடியுமா என்று பூங்கா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.